பழைய காரின் பின்னோக்குக் கண்ணாடியை மாற்றுவது எப்படி? – செயல்முறை விளக்கம் எழுதப் பழகுவோம்



செயல்முறையை விளக்கி எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் தோசை சுடுவதையோ மரக்கன்று நடுவதையோதான் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் அதே வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமாவின் பட்டறையில் கார்க் கதவைக் கழற்றி மாட்டுகிற மாணவர் ஒருவர் இருப்பார். அவரை அதைப் பற்றி எழுதச் சொல்லிப் பாருங்கள். நான்கு வரியில் முடித்துவிடுவார். கேட்டால், "இதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தை இல்லையே டீச்சர்" என்பார்.

வார்த்தை இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த மாணவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. தெரிந்த வேலையைப் படிப்பவரும் செய்துவிடும்படி எழுதுவதுதான் செயல்முறை விளக்கம். இந்தக் கட்டுரையில் ஒரு சிறிய வேலையை எடுத்துக்கொள்வோம்: பழைய காரில் உள்ளே இருக்கும் பின்னோக்குக் கண்ணாடியை மாற்றுவது. முதலில் வேலை, பிறகு மொழி, கடைசியில் பயிற்சி.

1. ஏன் இந்த வேலை?

நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பிறையையும் தீவிலுள்ள குளுகோரையும் இணைக்கும் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. அந்தப் பழைய சாகா வடிவம் சிற்சில மாற்றங்களோடு 2008 வரை தயாரிக்கப்பட்டது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. இந்தக் கார்களில் பல இன்னமும் ஓடுகின்றன. அப்பா ஓட்டியது, அண்ணன் ஓட்டியது, இப்போது தம்பி உரிமம் எடுத்ததும் அவர் கைக்கு வருவது என்று ஒரே கார் ஒரு குடும்பத்தில் பல ஆண்டுகள் இருக்கும்.

பழைய கார்களில் வரும் தொல்லைகளில் ஒன்று பின்னோக்குக் கண்ணாடி. வெயிலில் நிறுத்திய கார் உள்ளே கொதிக்கும், இரவில் குளிரும். பல ஆண்டுகள் இப்படிச் சூடேறிக் குளிர்ந்தால் பசை தளர்ந்துபோகும். ஒருநாள் கண்ணாடி 'பட்'டென்று கீழே விழும். நிறுத்தியிருக்கும்போது விழுந்தால் பரவாயில்லை. பாலத்தில் போகும்போது ஓட்டுநரின் மடியில் விழுந்தால்? பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தால்? ஆகவே இது அழகுக்குச் செய்யும் வேலையல்ல. இதை விளக்கி எழுதுபவர் ஒரு படியை விட்டுவிட்டாலும் அதே ஆபத்துதான்.

2. கண்ணாடி எப்படி வேலை செய்கிறது?

செயல்முறைக்கு முன் பொருளைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும்.

1909இல் டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் ஓட்டுநர், கார் ஓட்டும் பெண்களுக்கு எழுதிய நூலில், பின்னால் வருவதைப் பார்க்கக் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னார். 1911இல் அமெரிக்காவில் நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில், மற்ற ஓட்டுநர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல ஓர் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ரே ஹாரூன் மட்டும் தனியாக, காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். வென்றவரும் அவர்தான்.

உள்ளே இருக்கும் கண்ணாடி பெரும்பாலும் தட்டையானது. எனவே பின்னால் வரும் வண்டியின் அளவும் தூரமும் ஏறக்குறைய உள்ளபடியே தெரியும். வெளிப்பக்கக் கண்ணாடிகள் பலவும் குவிந்தவை. அவற்றில் அதிக இடம் தெரியும். ஆனால் வண்டி சிறியதாகவும் தொலைவில் இருப்பது போலவும் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓட்டுநருக்குச் சரியான கணக்கு கிடைக்கும்.

கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசினால் அதைத் தட்டிவிடுவோம். இந்தக் கண்ணாடித் துண்டு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, ஆப்பு வடிவில் இருக்கும். பகலில் நாம் பார்ப்பது பின்புறம் பூசிய வெள்ளிப்பூச்சு காட்டும் பிம்பம். நெம்பைத் தட்டியதும் அந்தப் பிம்பம் கண்ணை விட்டு விலகிவிடும். பூச்சு இல்லாத முன்பரப்பின் பிம்பம் மட்டும் கண்ணுக்கு வரும். அது தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் விளக்கு மங்கலாகத் தெரியும்.

3. முதலில் எது பழுது என்று பாருங்கள்

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கழற்றக் கூடாது. பழுது மூன்று வகையில் இருக்கலாம்.

• கண்ணாடி உடைந்திருக்கும், அல்லது வெள்ளிப்பூச்சு உரிந்திருக்கும். கண்ணாடிப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.
• கண்ணாடியைத் தாங்கும் தண்டின் மூட்டு தளர்ந்து, நேராக வைத்தாலும் தலை தொங்கும். சிலவற்றில் மூட்டை முடுக்கத் திருகாணி இருக்கும். இல்லையென்றால் கண்ணாடியோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.
• முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த உலோகப் பொத்தானே கழன்று விழுந்திருக்கும். அப்போது மீண்டும் ஒட்ட வேண்டும்.

எந்த முறையில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில பழைய கார்களில் கண்ணாடியின் தண்டு கூரையின் முன்விளிம்பில் திருகாணியால் இணைக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றி, புதியதை வைத்து முடுக்கினால் வேலை முடிந்தது. மற்ற கார்களில் பசையால் ஒட்டிய பொத்தான்மேல் கண்ணாடி மாட்டப்பட்டிருக்கும். இதில்தான் கவனம் அதிகம் தேவை. கீழே உள்ள படிகள் இதற்குரியவை.

4. செய்முறை

தேவையானவை: பின்னோக்குக் கண்ணாடிக்கென்றே விற்கும் பசை, சிறிய திருப்புளி அல்லது அறுகோணச் சாவி (கடையில் ஆலன் கீ என்று கேளுங்கள்), சவர பிளேடு, உப்புத்தாள் (கடையில் சேண்ட் பேப்பர்), ஸ்பிரிட், சுத்தமான துணி, ஒட்டுநாடா.

படி 1. காரை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடி கைக்குச் சுடாத நிலைக்கு வரட்டும். சூடான கண்ணாடியில் பசை அவசரமாக இறுகிவிடும், சரியாகப் பிடிக்காது.

படி 2. பழைய பொத்தான் இருந்த இடத்தை முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டுநாடாவால் அடையாளமிடுங்கள். உள்பக்கம் அடையாளமிட்டால் துடைக்கும்போது அதுவும் போய்விடும்.

படி 3. கண்ணாடி இன்னும் பொத்தானோடு இருந்தால், தண்டின் அடியிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, கண்ணாடியைப் பொத்தானிலிருந்து நகர்த்தி எடுங்கள். சிலவற்றில் திருகாணி இருக்காது, கவ்வி மட்டும் இருக்கும். வலுவாகப் பிடித்து இழுக்காதீர்கள், முன்கண்ணாடியே விரிசல் விடலாம்.

படி 4. கண்ணாடியில் மிச்சமிருக்கும் பழைய பசையைப் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். உள்பக்கம் கறுப்புப் படலம், அதாவது டின்டட், ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொத்தான் அளவுக்குப் படலத்தை வெட்டி எடுக்க வேண்டும். படலத்தின்மேல் ஒட்டினால் கண்ணாடியின் எடை படலத்தையே உரித்துக்கொண்டு வந்துவிடும்.

படி 5. பொத்தானின் ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, பழைய பசையை அகற்றுங்கள். பிறகு பொத்தானையும் முன்கண்ணாடியையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பசைக்கு எதிரி.

படி 6. பொத்தானுக்கு மேல்-கீழ் உண்டு. தலைகீழாக ஒட்டினால் கண்ணாடி அதில் நுழையாது. எனவே ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடியோடு பொருத்திப் பார்த்து, மேல்பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7. பசைப் பொட்டலத்தில் ஊக்கி திரவம் தனியாக இருந்தால், அதை முதலில் தடவிக் காயவிடுங்கள். பிறகு பொத்தானில் ஒரு சொட்டுப் பசை மட்டும் வையுங்கள். அதிகம் வைத்தால் பலம் கூடும் என்பது தப்புக்கணக்கு. அடையாளத்துக்கு நேரே வைத்து, அசையாமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

படி 8. உடனே கண்ணாடியை மாட்டாதீர்கள். பொட்டலத்தில் குறிப்பிட்ட நேரம் வரை காத்திருங்கள். முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிறகு கண்ணாடியை மாட்டி, திருகாணியை அளவாக முடுக்குங்கள்.

படி 9. ஓட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்து, தலையை அசைக்காமல் பின்கண்ணாடி முழுவதும் தெரியும்படி திருப்பி வையுங்கள். கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் நாம் பார்க்கும் திசை இரண்டு பாகை திரும்பும். 30 மீட்டருக்குப் பின்னால் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் விலகல். ஒரு மோட்டார் சைக்கிள் மறைந்துபோக அது போதும்.

"சூப்பர் குளூ போட்டா போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. கண்ணாடியும் உலோகமும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. சாதாரண உடனடிப் பசை இறுகியதும் முறியும் தன்மை கொண்டது. அந்த விரிதலையும் வண்டியின் அதிர்வையும் அது நெடுநாள் தாங்காது.

5. மொழியில் கவனிக்க வேண்டியவை

அ) பேச்சும் எழுத்தும். கழட்டு, சொரண்டு, தொடை என்று பேசுகிறோம். எழுத்தில் கழற்று, சுரண்டு, துடை. காடி என்று பேசினாலும் மகிழுந்து அல்லது கார் என்று எழுதுங்கள். ஆனால் ஒரு கட்டுரைக்குள் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் மகிழுந்து, மூன்றாம் பத்தியில் கார், ஐந்தாவதில் வாகனம் என்றால் படிப்பவர் குழம்புவார்.

ஆ) தன்வினை, பிறவினை. கண்ணாடி கழன்றது (தானாக). கண்ணாடியைக் கழற்றினார் (ஒருவர் செய்தார்). இதேபோல் திரும்பு–திருப்பு, இறங்கு–இறக்கு. பழுதை விளக்கும்போது தன்வினை வரும்; செய்முறையைச் சொல்லும்போது பிறவினை வரும். "கண்ணாடியைக் கழன்றேன்" என்று எழுதினால் பொருளே நிற்காது.

இ) வலிமிகும் இடங்கள். செய்முறையில் வினையெச்சம் நிறைய வரும், பிழையும் அங்கேதான் நிறைய வரும்.
• இரண்டாம் வேற்றுமை விரியில் மிகும்: பசையைத் தடவு, கண்ணாடியைக் கழற்று.
• இகர ஈற்று வினையெச்சத்தில் மிகும்: அழுத்திப் பிடி, மாட்டிப் பார்.
• வன்றொடர்க் குற்றியலுகர வினையெச்சத்தில் மிகும்: துடைத்துக் காயவை, பிரித்துப் பார்.
• மென்றொடர், இடைத்தொடர் வினையெச்சங்களில் மிகாது: கழன்று போகும், செய்து பார்.
• பெயரெச்சத்தில் மிகாது: காய்ந்த பசை, உடைந்த கண்ணாடி.

ஈ) காரணம். மதிப்பெண்ணைக் கூட்டுவது படிகளின் எண்ணிக்கையல்ல. ஒவ்வொரு படியிலும் 'ஏன்' இருக்க வேண்டும். "ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்" என்பது கட்டளை. "எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை ஒட்டாது; ஆகவே ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்" என்பது விளக்கம்.

6. மாதிரிப் பத்தி

பொத்தானை ஒட்டுவதற்கு முன் முன்கண்ணாடியின் உள்பக்கத்தை நன்கு சுத்தம் செய்ய வேண்டும். பழைய பசை மிச்சமிருந்தால் பொத்தான் கண்ணாடியோடு முழுமையாகப் படியாது. எனவே, பிளேடைச் சாய்த்துப் பிடித்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்து, அவ்விடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு அதை விரலால் தொடக் கூடாது. தொட்டால் விரலிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு பசையின் பிடிப்பைக் குறைத்துவிடும்.

பாருங்கள்: எனவே, அடுத்து, பிறகு ஆகிய இணைப்புகள் படிகளைக் கோக்கின்றன. 'வேண்டும்', 'கூடாது' என்ற முடிபுகள் 'நீ செய்' என்ற ஏவலைவிடக் கட்டுரைக்குப் பொருத்தமாக அமைகின்றன.

7. பயிற்சி

1. வரிசைப்படுத்துக: (அ) பசை வைத்து அழுத்திப் பிடித்தல் (ஆ) வெளிப்புறம் அடையாளமிடுதல் (இ) கண்ணாடியை மாட்டுதல் (ஈ) பழைய பசையைச் சுரண்டுதல் (உ) ஸ்பிரிட்டால் துடைத்தல்.
2. சேர்த்து எழுதுக: முன்கண்ணாடியை + துடை, தேய்த்து + கழுவு, கழன்று + போனது, ஒட்டிய + பொத்தான்.
3. பின்வரும் வாக்கியத்தைக் காரணத்தோடு விரித்து எழுதுக: "காரை நிழலில் நிறுத்த வேண்டும்."
4. உங்கள் வீட்டில் நீங்களே செய்யும் ஒரு பழுதுபார்ப்பு வேலையை (மோட்டார் சைக்கிள் செயினை இறுக்குவது, குழாய் ஒழுகலை நிறுத்துவது போன்றவை) 120 சொற்களில் விளக்குக.

விடைகள்: 1. ஆ, ஈ, உ, அ, இ. 2. முன்கண்ணாடியைத் துடை, தேய்த்துக் கழுவு, கழன்று போனது, ஒட்டிய பொத்தான்.

ஆசிரியர்களுக்கு: நான்காம் பயிற்சியைத் திருத்துவதற்கு முன், ஒரு மாணவர் எழுதியதை இன்னொரு மாணவர் வாசித்து, அதன்படி செய்வதாக நடித்துக் காட்டட்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. செய்பவர் எந்த இடத்தில் தடுமாறி நிற்கிறாரோ அந்த வரிக்குக் கீழே கோடிட்டு, அதை மட்டும் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.