சாக்கடை வழியே வந்த எதிரி: போலியோ ஒழிப்பு சொல்லும் பாடம்

புது தில்லி: 2009-ம் ஆண்டில் உலகெங்கும் 1,604 பேரைப் போலியோ தாக்கியது. அவர்களில் 741 பேர் இந்தியர்கள். அந்த 741 பேரில் 602 பேர் உத்தரப் பிரதேசத்தையும், 117 பேர் பிகாரையும் சேர்ந்தவர்கள். நாட்டின் மற்ற பகுதிகள் ஏறத்தாழ விடுபட்டுவிட்ட நிலையில், கங்கைச் சமவெளியின் சில மாவட்டங்களை மட்டும் இந்நோய் விடாமல் பற்றியிருந்தது ஏன்?

'பெற்றோர் சொட்டு மருந்து கொடுக்க மறுக்கின்றனர்' என்பதே தலைநகரில் அடிக்கடி கேட்ட பதில். அதில் ஓரளவே உண்மை இருந்தது. பத்து முறைக்கு மேல் சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளும் கால் முடங்கிப் போனார்கள். அதற்கான விடை பெற்றோரின் மனத்தில் மட்டும் இல்லை. குழந்தைகளின் குடலிலும், வீட்டு வாசலில் ஓடிய சாக்கடையிலும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, ஒரு வைரஸ் மனித உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிவது அவசியம்.

செல்லுக்குள் நுழையும் வழி

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் சுமார் 30 பங்குதான் போலியோ வைரஸின் குறுக்களவு. ஒரு புரத உறை. அதற்குள் சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. இவ்வளவே அதன் உடைமை. அது உண்பதில்லை, வளர்வதில்லை. தானாகப் பெருகவும் இயலாது. பெருகுவதற்கு அதற்கு இன்னொரு உயிரின் செல் வேண்டும்.

மனித செல்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி. 155 என்னும் புரதம்தான் இந்த வைரஸுக்குக் கதவு. வைரஸின் உறை அப்புரதத்தில் பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. எலிகளிடம் இந்த மனிதப் புரதம் கிடையாது. எனவே போலியோ சாதாரணமாக அவற்றைத் தாக்குவதில்லை. இப்புரதத்துக்கான மனித மரபணுவை விஞ்ஞானிகள் எலிகளுக்குள் செலுத்தியபோது அவற்றுக்கும் வாதம் கண்டது.

கதவு திறந்ததும் உறையின் வடிவம் மாறி, உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இறங்குகிறது. செல்லின் புரதத் தொழிற்சாலைகளான ரைபோசோம்கள், வந்திருப்பது அந்நியக் கட்டளை என்று அறியாமல் அதைப் படித்து, வைரஸுக்கான புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அவ்வாறு உருவாகும் புரதங்களில் ஒன்று கத்தரிக்கோல் போன்றது. செல் தனக்கான புரதங்களைத் தயாரிக்கத் தேவைப்படும் ஒரு முக்கிய உறுப்பை அது வெட்டிவிடுகிறது. அதன்பின் செல்லின் சொந்த வேலை நின்று, வைரஸின் வேலை மட்டுமே நடக்கிறது. சுமார் எட்டு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான புதிய வைரஸ்கள் உருவாகி, செல் சிதைந்து, அவை வெளியேறி அடுத்த செல்களைத் தேடுகின்றன.

வாய் வழியே புகும் வைரஸ் முதலில் தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பின்னர் ரத்தத்தில் கலக்கிறது. பெரும்பாலோரிடம் உடலின் எதிர்ப்பாற்றல் அதை அங்கேயே மடக்கிவிடுகிறது. தொற்றுக்குள்ளாகும் சுமார் 200 பேரில் ஒருவருக்கு மட்டும் அது தண்டுவடத்தை எட்டி, தசைகளை இயக்கும் நரம்பு செல்களை அழிக்கிறது. அழிந்த நரம்பு செல் மீண்டும் முளைப்பதில்லை. முடங்கிய கால் பெரும்பாலும் முடங்கியதுதான். சுவாசத் தசைகளின் நரம்புகள் பாதிக்கப்பட்டால் உயிரே போய்விடும்.

மீதமுள்ள 199 பேருக்குச் சிறு காய்ச்சல் வரலாம். அதுவும் வராமல் போகலாம். ஆனால் அவர்களது மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தையின் கால் முடங்கியது தெரியவரும்போது, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் அறியாமலேயே வைரஸைப் பரப்பியிருப்பார்கள். திறந்த சாக்கடையும், அதன் ஓரத்தில் கைப்பம்பும், நெருக்கமான குடியிருப்பும் உள்ள இடத்தில் அதற்கு வேறு வாகனம் தேவையில்லை.

சொட்டு மருந்து தோற்ற இடம்

தில்லியில் 1994-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி மாநில அளவில் நடந்த சொட்டு மருந்து முகாம், அடுத்த ஆண்டே நாடு தழுவிய இயக்கமானது. ஒவ்வொரு தேசிய முகாமிலும் சுமார் 23 லட்சம் பணியாளர்கள் 17 கோடிக் குழந்தைகளைத் தேடிச் சென்றனர். இருந்தும் 2002-ல் 1,600 பேர் பாதிக்கப்பட்டனர்.

சொட்டு மருந்தில் இருப்பதும் போலியோ வைரஸ்தான். வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் குடல் செல்களில் புகுந்து பெருகினால்தான் எதிர்ப்பாற்றல் பிறக்கும். மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் பிகாரின் கோசி ஆற்றுப் படுகையிலும் குழந்தைகளின் குடலில் வயிற்றுப்போக்கும் வேறு பல கிருமிகளும் நிரந்தரக் குடியிருப்பாக இருந்தன. மருந்து வைரஸுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை.

2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. மூன்று வகை வைரஸ்களும் கலந்த சொட்டு மருந்தின் ஒரு தவணை, முதல் வகைப் போலியோவுக்கு எதிராக நாட்டின் மற்ற பகுதிகளில் 21 சதவீதம் பலனளித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் 9 சதவீதமே பலனளித்தது. இந்த எச்சரிக்கை புதியதும் அன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், இந்தியக் குழந்தைகளிடம் சொட்டு மருந்து எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை என்று 1972-லேயே ஆய்வு வெளியிட்டிருந்தார்.

மறுப்பும் இருந்தது. சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி, முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளில் பரவியது. அவசரநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையை மறக்காத மாநிலத்தில் அத்தகைய வதந்திக்கு வேர் பிடிக்க இடம் இருந்தது. வேறு எந்த நோய்க்கும் மருத்துவர் வராத ஊரில், இந்த ஒரு மருந்துக்காக மட்டும் அரசு மாதாமாதம் கதவைத் தட்டுவது ஏன் என்றும் மக்கள் கேட்டனர். சாக்கடையும் சாலையும் போட்டுத் தந்தால்தான் மருந்து என்று சில ஊர்கள் நிபந்தனை விதித்தன. நோய் பரவும் வழியை நோக்கினால், சாக்கடை கேட்டவர்கள் தவறாகக் கேட்டுவிடவில்லை.

மாறிய வியூகம்

முதலில் மருந்து மாறியது. ஒரே வகை வைரஸைக் கொண்ட சொட்டு மருந்து 2005-ல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் முதல் வகைப் போலியோவுக்கு எதிராக அதன் ஒரு தவணை சுமார் 30 சதவீதம் பலனளித்தது. முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் சேர்த்துப் பயன்படும் மருந்து 2010 ஜனவரியில் வந்தது.

அணுகுமுறையும் மாறியது. உத்தரப் பிரதேசத்தில் 66, பிகாரில் 41 என 107 ஒன்றியங்கள் தனியே தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கு சொட்டு மருந்தோடு கழிப்பறை, கை கழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாகம் ஆகியவையும் வலியுறுத்தப்பட்டன. பள்ளிவாசல்களிலிருந்து இமாம்கள் அறிவிப்புச் செய்தனர். ரயில்களிலும், செங்கல் சூளைகளிலும், கட்டுமானத் தொழிலாளர் குடிசைகளிலும் குழந்தைகள் தேடப்பட்டனர்.

பலன் உடனே தெரிந்தது. 2009-ல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2010-ல் 42 ஆனது. 2011 ஜனவரி 13-ம் தேதி மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலத்தைப் போலியோ அற்றதாக 2014 மார்ச் 27-ம் தேதி உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

மருந்தே வைரஸாகும்போது

ஆயினும் கணக்கு முடிந்துவிடவில்லை. சொட்டு மருந்தில் உள்ள வைரஸ் பெருகும்போது அதன் ஆர்.என்.ஏ. எழுத்துகளில் பிழைகள் நேர்கின்றன. தடுப்பு மருந்து பெறாதோர் அதிகமுள்ள இடத்தில் அது நீண்ட காலம் சுற்றிவந்தால், இழந்த வீரியத்தை மீட்டுக்கொள்ளக்கூடும். எதிர்ப்பாற்றல் குறைபாடு உள்ள ஒருவரது உடலில் நெடுநாள் தங்கினாலும் அவ்வாறே நேரலாம்.

இதனால்தான் ஊசி மருந்து தேவை என்று ஒரு பிரிவினர் பல ஆண்டுகளாக வாதாடினர். ஊசி மருந்தில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது மீண்டும் உயிர் பெறாது. அதை உள்நாட்டிலேயே தயாரிக்க 1989-ல் அரசுத் துறையும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றும் இணைந்து குர்காவ்ன் பகுதியில் கூட்டு நிறுவனம் தொடங்கின. சொட்டு மருந்தே போதும் என்று அரசு தீர்மானித்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2015 நவம்பரில்தான் ஊசி மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இடம் பெற்றது. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸ் நீக்கப்பட்டது.

2024 ஆகஸ்டில் மேகாலயாவின் மேற்கு காரோ மலை மாவட்டத்தில் ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது. அது தடுப்பு மருந்திலிருந்து உருவான வைரஸே தவிர, இயற்கைப் போலியோ அன்று என்று மத்திய அரசு விளக்கியது. நாட்டின் 'போலியோ அற்ற' தகுதி அதனால் பறிபோகவில்லை. ஆனால் அக்குழந்தையின் குடும்பத்துக்கு அந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம்.

அண்டை நாடான பாகிஸ்தானிலும், ஆப்கானிஸ்தானிலும் இயற்கைப் போலியோ இன்னும் ஓயவில்லை. எனவே கை கால் திடீரெனத் தளர்ந்த ஒவ்வொரு குழந்தையின் மல மாதிரியையும், பெருநகரங்களின் கழிவுநீரையும் ஆய்வகங்கள் தொடர்ந்து சோதிக்கின்றன. முடங்கிய கால்களோடு வளர்ந்து இன்று நடுவயதை எட்டியிருப்போர் லட்சக்கணக்கில் உள்ளனர். வேலைவாய்ப்பு, உதவிக் கருவிகள், சக்கர நாற்காலி ஏறக்கூடிய அலுவலகப் படிகள் என அவர்களது கோரிக்கைகள் சான்றிதழோடு முடிந்துவிடவில்லை.

மருந்து ஒரு நோயைத் தடுத்தது. ஆனால் அதே சாக்கடை வழியே டைபாய்டும், காலராவும், மஞ்சள் காமாலையும் இன்றும் வருகின்றன. அன்று மேற்கு உத்தரப் பிரதேச மக்கள் விதித்த நிபந்தனை, நாட்டின் பல ஊர்களில் இன்னும் நிறைவேற்றப்படாமலேயே இருக்கிறது.