சாலையில் ஏன் பள்ளம்?

மும்பை பெரிய நகரம். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கனத்த மழை பெய்யும். மழை வந்தால் தார்ச் சாலையில் பள்ளம் விழும்.

பள்ளம் எப்படி விழுகிறது? ஜல்லிக் கற்களைத் தார்தான் பிடித்து வைத்திருக்கிறது. சாலை ஓரக் கால்வாய் அடைத்துக்கொண்டால் மழைநீர் சாலையில் தேங்கும். விரிசல் வழியாக உள்ளே இறங்கும். தாரின் பிடி தளரும். அடியில் உள்ள மண் இளகும். மேலே லாரியும் பஸ்ஸும் ஓடும். ஜல்லி பெயர்ந்து பள்ளம் ஆகும்.

பள்ளத்தைக் கண்டு ஒரு வண்டி ஒதுங்கும். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு நேரம் போகும். அன்றைய கூலியும் போகும். தண்ணீர் நிறைந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. சைக்கிளோ ஸ்கூட்டரோ அதில் விழுந்தால் உயிரே போகலாம்.

நல்ல சாலை மக்களின் அடிப்படை உரிமை. 2015-ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படிச் சொன்னது.

உங்கள் தெருவிலும் பள்ளம் இருக்கிறதா? நகராட்சி அல்லது பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுங்கள். பள்ளம் உள்ள இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். பலரும் கையெழுத்துப் போடுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.