ஒரு நாள் எண்ணெயும் எட்டு நாள் உழைப்பும்

இறைவன் அற்புதம் செய்வான் என்று நம்புகிறவர் தம் கையால் செய்ய வேண்டியது ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்னும் கேள்வி எல்லாச் சமயங்களிலும் எழுந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைப் பகுதியில் அது அறிஞர்களின் வாதமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததைக் கண்ட மண் இது. ஒப்பந்தம் நீளுமா, பணி நிரந்தரமாகுமா என்ற கவலையோடு ஷிப்டுக்குச் சென்று திரும்புகிறவர்கள் இங்கே ஏராளம். ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டையில் ஏழடி உயரத்தில் நின்றருளும் முருகனிடம் வைக்கப்படும் வேண்டுதல்களில் இந்தக் கவலையும் கலந்திருப்பதில் வியப்பில்லை. வேண்டிக்கொண்டவர் அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, இந்த மண்ணுக்குத் தொலைவிலுள்ள ஒரு மரபு, யூதர்களின் ஹனுக்கா பண்டிகையின் வழியே, ஆழ்ந்து எண்ணத்தக்க விடையொன்றைத் தருகிறது.

ஹனுக்கா, யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் நடைபெறும் விளக்குத் திருநாள். பெரும்பாலும் டிசம்பரில், நம் கார்த்திகை தீபத்தை ஒட்டிய காலத்தில் வரும். யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலய அர்ப்பணிப்பு விழா என்று குறிப்பிடப்படுவது இதுவே. கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க மரபு மன்னன் நான்காம் அந்தியோக்கு யூதரின் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தில் வேற்றுத் தெய்வத்துக்குப் பலியிடச் செய்தபோது, மோதேயின் என்னும் ஊரைச் சேர்ந்த குரு மத்தத்தியாவும் அவருடைய ஐந்து மகன்களும் கலகம் தொடங்கினர். மகன்களுள் ஒருவரான யூதா மக்கபேயின் தலைமையில் சிறு படை பெரும்படையை வென்று, கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியது. அந்தப் போர்களில் எதிரிப் படையின் யானைகளைச் செலுத்திய பாகர்கள் இந்தியர் என்று அவ்வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூல் கூறுவதும், அந்தியோக்கின் அரச மரபை நிறுவிய செலூக்கசுக்குச் சந்திரகுப்த மௌரியர் யானைகள் கொடுத்த பழைய உறவை எண்ணும்போது, நமக்கு ஆர்வமூட்டும் செய்தி.

ஆனால் ஹனுக்கா என்றதும் யூதர் நினைவுகூர்வது போரைக் காட்டிலும் ஓர் எண்ணெய்க் குப்பியை. மீட்கப்பட்ட ஆலயத்தில் இருந்த எண்ணெய் அனைத்தும் தீட்டுப்பட்டுக் கிடக்க, தலைமைக் குருவின் முத்திரை உடையாத ஒரே ஒரு குப்பி மட்டும் அகப்பட்டது. ஒரு நாளைக்கே போதுமான அந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது. இந்நிகழ்ச்சி மக்கபேயர் நூல்கள் இரண்டிலுமே இல்லை. போரின்போது குகைகளில் ஒளிந்திருந்ததால் கொண்டாட இயலாமற்போன கூடாரப் பண்டிகையைப் போல அர்ப்பணிப்பையும் எட்டு நாள் கொண்டாடினர் என்றே இரண்டாம் நூல் விளக்குகிறது. குப்பியின் கதை, பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தல்மூத்தில், அதாவது யூதச் சட்டமும் அதைப் பற்றி ரபிகள் எனப்படும் யூத அறிஞர்கள் நடத்திய விவாதங்களும் அடங்கிய பெருநூலில்தான் இடம்பெறுகிறது. வரலாற்றாய்வாளர் இதை ஐயத்துக்குக் காரணமாகக் கொள்வர். நம்பிக்கையின் இயல்பை அறிய விரும்புவோருக்கோ, அந்தக் கதையை ரபிகள் எவ்வாறு துருவி ஆராய்ந்தனர் என்பதே கூடுதல் பயன் தரும்.

1488இல் பிறந்தவரும் யூதச் சட்டத் தொகுப்பாளர்களுள் தலைசிறந்தவருமான ரபி யோசேப்பு காரோ எழுப்பிய கேள்வி புகழ்பெற்றது. குப்பியில் ஒரு நாளைக்கான எண்ணெய் இருந்ததென்றால் முதல் நாள் விளக்கு எரிந்ததில் அற்புதம் இல்லையே. எஞ்சிய ஏழு நாளுக்கு ஏழு நாள் விழா எடுத்தால் போதாதா, எட்டாவது நாள் எதற்கு? இதற்கு இன்றுவரை நூற்றுக்கு மேற்பட்ட விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. எண்ணெய் இயல்பாக எரிவதே இறைவனின் செயல்தான், அதை மனிதர் பழக்கத்தால் மறந்துவிடுகின்றனர் என்பது ஒரு விடை. புதிதாகத் தூய எண்ணெய் ஆட்டிக் கொண்டுவர எட்டு நாள் ஆகும் என்று உரையாசிரியர்கள் சொல்வதை அடியொற்றிப் பிறந்த இன்னொரு விடை அதைவிடச் சிறந்தது. எட்டு நாள் பொறுத்திருந்து, தடைபடாத எண்ணெயோடு ஏற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் அணைந்துவிடும் என்று தெரிந்தே, கையிலிருந்த ஒரு நாள் எண்ணெயை முதல் நாளே அவர்கள் ஊற்றி ஏற்றினர் அல்லவா, அந்தத் துணிவே முதல் நாளின் அற்புதம் என்பது அதன் கருத்து.

இந்த விளக்கத்தில் பலரும் கவனியாமல் விடும் ஒரு பகுதி உண்டு. ஆலயத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்த அதே எட்டு நாளும் வேறெங்கோ ஒலிவப் பழங்கள் நசுக்கப்பட்டுப் புதிய எண்ணெய் உருவாகிக்கொண்டிருந்தது என்பதே அது. அற்புதம் வருடக்கணக்கில் நீடிக்கவில்லை. மனித உழைப்பு வந்து சேரும்வரை உள்ள இடைவெளியை மட்டும் நிரப்பி, எண்ணெய் வந்ததும் நின்றுவிட்டது. செக்கில் உழைத்தவர்கள் ஆலயத்தில்தான் விளக்கு எரிகிறதே என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் ஒன்பதாம் நாள் இருள் சூழ்ந்திருக்கும்.

அற்புதத்தை எதிர்பார்த்து ஆபத்தில் போய் நிற்கக் கூடாது என்று தல்மூத்தும் எச்சரிக்கிறது. இறைவன் மீது முழுமையாகச் சாய்ந்திருத்தலை யூதர்கள் பித்தாகோன் என்பர். மனிதர் தம் பங்குக்குச் செய்யும் முயற்சியை ஹிஷ்தத்லூத் என்பர். எத்தனை முயற்சி போதும், எங்கே முயற்சி அவநம்பிக்கையாக மாறுகிறது என்பது அவர்களிடையே தீராத விவாதம். கடுமையான வறுமையில் வாழ்ந்த ரபி ஹனினா பென் தோசாவின் மகள் ஓய்வுநாள் விளக்கில் எண்ணெய்க்குப் பதில் தவறுதலாகக் காடியை ஊற்றிவிட்டு வருந்தியபோது, எண்ணெயை எரியச் சொன்னவன் காடியையும் எரியச் சொல்வான் என்ற பொருள்பட அவர் ஆறுதல் கூறினார். அது மறுநாள் முழுதும் எரிந்ததாகத் தல்மூத் சொல்கிறது. அவரும் வேண்டுமென்றே காடியை ஊற்றச் சொல்லவில்லை என்பது நினைவில் இருக்க வேண்டும்.

இவ்விவாதத்தின் சாயலை ஸ்ரீபெரும்புதூரிலேயே காணலாம். ஆசூரி கேசவ சோமயாஜியும் காந்திமதியும் திருவல்லிக்கேணிப் பெருமாளை வேண்டி யாகம் செய்து பெற்ற பிள்ளை என்று வைணவ மரபு போற்றும் இராமானுசர், 1017இல் பிறந்த ஊர் அது. அவருக்குப் பின் வந்தோரிடையே, சரணாகதி அடையும் உயிரின் பங்கு என்ன என்பதில் கருத்து பிரிந்தது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போலச் சிறிதேனும் முயற்சி வேண்டும் என்று வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரும், தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போல இருந்தால் போதும் என்று பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரும் கொண்டனர். இரு மரபுகளும் ஒன்றே என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று. வைணவர் பேசியது வீடுபேற்றைப் பற்றி. ரபிகள் பேசியதோ பெரும்பாலும் அன்றாட வாழ்வை, உணவையும் தொழிலையும் நோயையும் பற்றி. ஆலை வேலையை நம்பி வாழ்கிறவரின் கேள்விக்கு ரபிகளின் விவாதம் கூடுதல் நெருக்கமாக இருப்பது அதனால்தான்.

இந்திய யூதர்களிடம் வந்தால் இக்கதை எதிர்பாராத திருப்பம் பெறுகிறது. கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் சமூகத்தார், கப்பல் உடைந்து அலிபாக் அருகே நவ்காவில் கரையேறிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று நம்புகின்றனர். பல தலைமுறைகளாக அவர்களுடைய தொழில் எண்ணெய் ஆட்டுதல். சனிக்கிழமையன்று செக்கை நிறுத்திவிடுவதால் அயலார் அவர்களைச் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தனர். ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விலக்குகள் ஆகியவற்றை மறவாத அவர்கள் ஹனுக்காவை மட்டும் அறியவில்லை. மக்கபேயர் காலத்துக்கு முன்பே தம் முன்னோர் தாயகத்தை விட்டு வந்துவிட்டதால்தான் என்று அவர்கள் அதற்குக் காரணம் கூறினர். எண்ணெயின் அற்புதத்தைக் கொண்டாடும் திருநாளை, எண்ணெய் ஆட்டியே பிழைத்த யூதர்கள் அறியாதிருந்தனர்.

அவர்கள் அற்புதம் வேண்டி நாடியது விவிலியத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியை. அலிபாக் அருகிலுள்ள கண்டாலா என்னும் சிற்றூரின் பாறையில் காணும் சுவடுகளை, எலியா விண்ணேறிய தேரின் தடமென்று அவர்கள் வணங்கி வருகின்றனர். வேண்டுதல் நிறைவேறினாலும், திருமணம், புதுமனை புகுதல் போன்ற நன்னாள்களிலும் மலிதா என்னும் தட்டைப் படைப்பர். தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் கலந்த அவல், அதைச் சுற்றிப் பழங்கள், எலியாவைப் போற்றும் எபிரேயப் பாடல் ஆகியவை சேர்ந்த இந்நிகழ்ச்சி, நேர்த்திக்கடன் செலுத்தும் தமிழர் எவருக்கும் உடனே விளங்கக்கூடியது. எலியாவும் எண்ணெயோடு தொடர்புடையவரே. பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊர் விதவை, தன்னிடம் எஞ்சியிருந்த கடைசிப் பிடி மாவையும் எண்ணெயையும் கொண்டு முதலில் அவருக்கு அடை சுட்டுக் கொடுத்தாள். அதன்பிறகே அவளுடைய கலயம் வற்றாமலிருந்தது.

நேர்த்திக்கடனுக்கு அச்சமூகம் தரும் பெரும் சான்று சாமுவேல் எசேக்கியேல் திவேகர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியான அவர், இரண்டாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டபோது, குர்ஆனில் பேசப்படும் பனீ இஸ்ராயீல் மக்களைச் சேர்ந்தவர் என்று அறிந்த திப்புவின் தாயார் பரிந்து பேசியதால் உயிர் தப்பினார் என்றும், விடுதலையானால் ஜெபக்கூடம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார் என்றும் மரபு கூறுகிறது. விடுதலைக்குப் பின் 1796இல் மும்பையில் அவர் கட்டிய கருணை வாயில் ஜெபக்கூடமே அந்நகரின் முதல் யூத வழிபாட்டிடம்.  அந்த ஜெபக்கூடத்துக்காக யூத வேதமான தோராவின் சுருள்களைத் தேடிச் சென்ற இடத்தில், கொச்சியில், அவர் மறைந்தார். அதே கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்கள்தாம் 19ஆம் நூற்றாண்டில் பெனே இஸ்ரேலர்க்கு எபிரேய வழிபாட்டு முறைகளைக் கற்பித்தனர். மறந்துபோன, அல்லது ஒருபோதும் அறிந்திராத, ஹனுக்காவும் அவர்கள் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தது. 1948க்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். லோத், அஷ்தோத், திமோனா போன்ற ஊர்களில் வாழும் அவர்களுடைய பிள்ளைகள், முதல் இரவு ஒன்று, எட்டாம் இரவு எட்டு என்று நாளுக்கொன்றாய்க் கூட்டி ஹனுக்கா விளக்கு ஏற்றுகின்றனர். வேண்டியது கிடைத்தால் அவல் கலந்து மலிதாவும் படைக்கின்றனர்.