குறையே நிறைவான கதை

ஈஜிபுராவின் குறுகிய தெருக்களில் பேருந்து நுழைய இயலாது; மிதிவண்டியோ வீட்டு வாசல்வரை செல்லும். உடலினுள் செல்லும் மருந்துக்கும் அவ்வாறே. அதனைச் சுமக்கும் வண்டியின் அளவே வழியைத் தீர்மானிக்கிறது.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்குகளாக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். மருந்தேந்தும் நுண்துகள்களுள் ஒன்று லிப்போசோம். இது கொழுப்பாலான நுண்ணிய உருண்டை. பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவினது. 1960களில் ஆங்கிலேய அறிவியலாளர் அலெக் பாங்கம் இதனைக் கண்டறிந்தார்.

நுண்துகள் குருதியில் கலந்ததும் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கும் சிறியவற்றைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. பெரியவற்றை அயற்பொருள் என அறிந்து, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் பற்றிக்கொள்கின்றன. ஆதலால் வேறோர் உறுப்பிற்கு அனுப்பிய மருந்தில் பெரும்பகுதி வழியிலேயே சிறைப்படுகிறது.

இக்குறையே ஒரு நோய்க்கு நிறைவாயிற்று. பீகார் மக்களை வாட்டிய நோய் காலா அசார். மணல் ஈ கடிப்பதால் பரவும் அதன் ஒட்டுண்ணி, அதே விழுங்கு செல்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது. ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து அதனைக் கொல்லும். ஆயினும் சிறுநீரகத்தைத் தாக்கும். எனவே முன்பு ஒருநாள் விட்டு ஒருநாளாக 15 முறை செலுத்தி வந்தனர். நோயாளி ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்தது. ஒரு மாதக் கூலியை இழப்பது எத்தகையது என்பதை, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்கள் நன்கறியும்.

அம்மருந்தை லிப்போசோமில் வைத்து அனுப்பினால், விழுங்கு செல்கள் தாமே அதனை விழுங்கும். பகைவன் இருக்குமிடத்திற்கே மருந்து சென்று சேரும். சிறுநீரகத்திற்கும் தீங்கு குறையும். முசாபர்பூரில் மருத்துவர் சியாம் சுந்தர் குழுவினர் இதனை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். ஒரே முறை செலுத்திய மருந்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைந்தனர்.

2021இல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது நாடெங்கும் தேடப்பட்டதும் இம்மருந்தே. அப்போது அது போதிய அளவு கிடைக்கவில்லை. நல்ல மருந்தைக் கண்டறிவதோடு, வேண்டுவோர் அனைவருக்கும் அதனைக் கிடைக்கச் செய்வதும் கடமையாகும்.

சொற்பொருள்
குருதி – இரத்தம். அயற்பொருள் – உடலுக்கு உரியதல்லாத பொருள். பிழைப்பு – வாழ்வதற்கான தொழில்.

வினாக்கள்
1. மிகச் சிறிய துகள்களை வெளியேற்றும் உறுப்பு எது?
2. ‘குறையே நிறைவாயிற்று’ – விளக்குக.
3. ‘நன்கறியும்’ – பிரித்து எழுதுக.