கடல் கடந்த மைனா

மஞ்சள் அலகும் மிடுக்கான நடையுமாக நம் வயல்களிலும் முற்றங்களிலும் திரியும் மைனாவை அறியாதார் யார்? அதே மைனா, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, கண்டங்களுக்கு 3,500 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள ஹவாய்த் தீவுகளிலும் ஊர்ப்பறவை போலவே உலாவுகின்றது. அது தானாகப் பறந்து சென்றதன்று. மனிதன் கூட்டில் அடைத்துக் கொண்டுபோய் விட்டது.

1865ஆம் ஆண்டிலே வில்லியம் ஹில்லபிராண்ட் என்னும் வைத்தியர் இந்தியாவிலிருந்து மைனாக்களைத் தருவித்தார். பயிரையும் புல்லையும் அழித்த படைப்புழுக்களை அவை தின்னும் என்பது அவர் எண்ணம். அவை புழுக்களைத் தின்றன. கூடவே நாயுண்ணிப் பழத்தையும் தின்றன. தோட்டத்து அழகுக்காக வந்திருந்த அச்செடியின் விதைகள் எச்சத்தின் வழியே எங்கும் பரவின. புற்றரைகளிலே முட்புதர்கள் மண்டின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பின்னரும் மனிதன் ஓயவில்லை. 1929இல் யப்பானிய வெள்ளைக்கண்ணிக் குருவி கொண்டுவரப்பட்டது. பாட்டுப் பறவைகளைத் தருவிப்பதற்கென்றே 1930இல் ‘ஹூயி மனு’ என்னும் சங்கம் நிறுவப்பட்டது. தாழ்நிலங்களில் உள்ளூர்ப் பறவைகளின் பாட்டு அருகிவிட்டதே அதற்குக் காரணம்.

அவை அருகியது ஏன்? காடழிப்பும் எலி, பூனைகளும் ஒருபுறம், நுளம்பு மறுபுறம். ஆதியில் ஹவாயில் நுளம்பே இல்லை. 1826 அளவில், கப்பலொன்றின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அது வந்து சேர்ந்தது என்பர். பிற்காலத்திலே பறவை மலேரியாக் கிருமியும் வந்தது. அந்நோயுடன் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அந்நியப் பறவைகள் அதனைத் தாங்கின. உடலிற் சுமந்தும் திரிந்தன. அதனை அறியாத உள்ளூர்ப் பறவைகளோ மடிந்தன. வளைந்த அலகுடைய செந்நிற ‘ஈஈவி’ போன்றவை நுளம்பு அரிதான குளிர்ந்த மலைக்காடுகளிலே ஒதுங்கி வாழ்கின்றன. உலகம் வெப்பமடைய, நுளம்பு அங்கும் ஏறுகின்றது. காவாய்த் தீவின் ‘ஓஓ’ என்னும் பறவையின் குரல் 1987இல் இறுதியாகக் கேட்டது. அதனோடு சேர்த்து ஹவாய்ப் பறவையினங்கள் எட்டு அழிந்தொழிந்தன என 2023இல் அமெரிக்க அரசு அறிவித்தது.

அப்படியாயின் அந்நியப் பறவைகளை அடியோடு ஒழித்துவிடலாமே என நாம் எண்ணக்கூடும். ஆனால் விடயம் அத்துணை எளிதன்று. ஓவாகூத் தீவின் காடுகளிலே பழந்தின்று விதை பரப்பும் தொழிலை இன்று செய்வன பெரும்பாலும் அந்நியப் பறவைகளே என 2019இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவை பரப்பும் விதைகளிற் பெரும்பகுதி அந்நியச் செடிகளினவே; எனினும் எஞ்சிய உள்ளூர் மரங்களிற் சிலவும் அவற்றையே நம்பியுள்ளன.

ஆகவே அறிஞர்கள் நுளம்பின் மீது கைவைத்துள்ளனர். 2023 முதல் மாவி தீவின் காடுகளிலே, கடியாத ஆண் நுளம்புகளை வானிலிருந்து விடுகின்றனர். அவற்றோடு கூடும் காட்டுப் பெண் நுளம்புகளின் முட்டைகள் பொரிப்பதில்லை.

மைனாவைக் குறைகூறிப் பயனில்லை. கிடைத்த நிலத்திலே அது பிழைத்துக்கொண்டது. கொண்டுவருவதற்கு ஒரு கப்பல் போதுமாயிருந்தது. வந்ததன் விளைவைத் திருத்தவோ ஒன்றரை நூற்றாண்டும் போதவில்லை. அழகுக்காகப் பிறநாட்டுப் பறவையையோ செடியையோ நம் தீவிற்குக் கொணர விரும்புவோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.