அங்காடி முதல் அலைகடல் வரை

திருவனந்தபுரத்தின் பொறியியல் மரபை மாணவரும் அலுவலரும் நடந்தே அறியலாம். ஆரியசாலை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் இராஜா கேசவதாசர் நிறுவிய சாலை அங்காடியைச் சேர்ந்தது. அங்கிருந்து மேற்கே கோட்டையைக் கடந்தால் வள்ளக்கடவு. 1820களில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு இங்கிருந்து நகரை வடக்கிலுள்ள காயல்களுடன் இணைத்தது. அதற்கு அப்பால் கடற்கரையில் வலியதுறை. கப்பல் மோதி 1947இல் சிதைந்த பழைய கடற்பாலத்திற்கு மாற்றாக, 1956இல் புதியது எழுந்தது.

நீர்வழியும் துறையும் சரக்கு கொணர்ந்தமையால் அங்காடி செழித்தது. பின்னர்க் கால்வாய் தூர்ந்து போக்குவரத்து நின்றது. 2021இல் கடற்பாலமும் அலைகளால் சேதமுற்றது. அங்காடி மட்டும் இன்றும் இயங்குகிறது. அருகே விழிஞ்ஞத்தில் 2025இல் புதிய துறைமுகம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டுள்ளது. கட்டுவதோடு பணி முடிவதில்லை; பராமரிப்பும் திட்டத்தின் இன்றியமையாத அங்கமாகும் என்பதே இந்நடை புகட்டும் பாடம்.