மறதிக்குத் தேங்காயெண்ணெய் மருந்தா?

“டொக்டர், காலையில வெறும் வயித்துல தேங்காயெண்ணெய் குடிச்சா மறதி போயிருமாமே, அம்மாயிக்குக் குடுக்கவா?” வத்தேகம நகரத்திலும் அதை அண்டிய பன்வில, மடுல்கெல தோட்டப் பக்கங்களிலும் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. கைபேசியில் ஒரு செய்தி வந்து சேர்ந்தால் போதும், மறுநாளே ‘வெர்ஜின்’ என்று எழுதிய போத்தல் வீட்டுக்கு வந்துவிடும். சமையல் எண்ணெயைவிட அது எவ்வளவு விலை கூட என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இதற்கு விடை தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். இலங்கையிலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. நோய் இன்னும் முற்றாத அல்சைமர் நோயாளர் 120 பேரைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 30 மில்லிலீற்றர் வெர்ஜின் தேங்காயெண்ணெயும் மற்றவர்களுக்கு அதே அளவு கனோலா எண்ணெயும் 24 வாரங்களுக்குக் கொடுத்தார்கள். யாருக்கு எந்த எண்ணெய் என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. 2023இல் முடிவு வெளியானது. கடைசிவரை நின்றவர்கள் 84 பேர். ஞாபகத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கொலஸ்ட்ரோலிலும் சீனியிலும் அப்படியே.

கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அப்போ-ஈ4 என்ற மரபணு வடிவம் உள்ளவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, தேங்காயெண்ணெய் குடித்த அவர்கள், குடித்தும் அந்த வடிவம் இல்லாதவர்களைவிட 30 புள்ளிப் பரிசோதனையில் 2.37 புள்ளி முன்னேறியிருந்தார்கள்.

அதென்ன அப்போ-ஈ? கொழுப்பு தண்ணீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே ஈரலும் குடலும் கொழுப்பையும் கொலஸ்ட்ரோலையும் நுண்ணிய உருண்டைகளாக்கி, புரதம் பதித்து அனுப்புகின்றன. அந்தப் புரதங்கள்தான் அப்போலிப்போபுரதங்கள், அப்போ-ஈயும் அவற்றில் ஒன்று. தோட்டத்துக் கொழுந்து லொறிக்குச் சாரதி எப்படியோ அப்படி: எந்த வாசலில் நிறுத்துவது, எங்கே சுமையை இறக்குவது என்பதெல்லாம் அவற்றின் பொறுப்பு. கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். உருண்டை ஒவ்வொன்றிலும் ஓர் அப்போ-பி உண்டு. நல்லது எனப்படும் எச்.டி.எல்.இல் முதன்மையானது அப்போ-ஏ1.

இரத்தத்தில் ஓடும் இந்த எல்.டி.எல். உருண்டைகளை மூளை உள்ளே விடுவதில்லை. தனக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலைத் தானே செய்துகொள்கிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் உடலிலுள்ள கொலஸ்ட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. அஸ்ட்ரோசைற் என்ற துணைக் கலங்கள் அதை அப்போ-ஈயில் ஏற்றி நரம்புக் கலங்களுக்கு அனுப்புகின்றன. மூளையில் சேரும் அமிலோயிட் கழிவை அகற்றுவதிலும் அப்போ-ஈக்குப் பங்குண்டு. 299 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தின் ஈ3 வடிவத்தில் 112ஆம் இடத்தில் இருப்பது சிஸ்டீன். பெரும்பாலானோருக்கு இருப்பது இந்த வடிவம்தான். அதே இடத்தில் ஆர்ஜினின் வந்தால் ஈ4. இந்த ஒரே மாற்றத்தால் கழிவகற்றும் வேலை மந்தமாகிறது.

1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலன் ரோசஸ் குழுவினர் ஈ4க்கும் முதுமையில் வரும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஈ4 வந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. இவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கணித்த எண்கள். ஈ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. அது இல்லாமலே நோய்ப்பட்டவர்களும் உண்டு.

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய–அமெரிக்க ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 பேருக்கே புதிதாக அல்சைமர் வந்தது. ஒப்பிட்ட அமெரிக்கப் பகுதியில் 17.5 பேருக்கு. ஈ4 உள்ளவர்களும் பல்லப்கரில் குறைவு. ஆனால் அது இருந்தவர்களுக்கு ஆபத்து அமெரிக்காவில் போலவே கூடியிருந்தது. அங்கே பெரும்பாலான முதியவர்களுக்கு எழுத்தறிவு இல்லாததால் ஞாபகப் பரிசோதனையையே ஹிந்தியில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. நமக்கும் இது முக்கியம். கடிகாரம் வரைந்து முள்ளைச் சரியான இடத்தில் வைக்கச் சொல்வது வழக்கமான ஒரு பரிசோதனை. பென்சிலே பிடிக்காமல், விடியற்காலை பிரட்டுக்களத்தில் பெயர் போட்டுக் கொழுந்து எடுத்தே வயதான பாட்டியிடம் அந்தத் தாளை நீட்டினால் அளக்கப்படுவது மறதியா, பள்ளிக்கூடம் போகாததா?

எண்ணெய்க்கு வருவோம். தேங்காயெண்ணெயிலுள்ள ஒருவகைக் கொழுப்பை ஈரல் கீற்றோன்களாக மாற்றும். சீனியைச் சரியாகப் பயன்படுத்த முடியாத மூளைக்கு அது மாற்று எரிபொருளாகலாம் என்பதுதான் நம்பிக்கை. அதே நம்பிக்கையில் அமெரிக்காவில் 152 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஈ4 இல்லாதவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. இங்கே இருப்பவர்களுக்கு, அங்கே இல்லாதவர்களுக்கு! சிறு கூட்டத்தை மேலும் சிறிதாகப் பிரித்துப் பார்த்தால் இப்படி நேர்வதுண்டு. இதை வைத்துப் போத்தல் விற்பது அறிவியல் அல்ல.

இதே புரதக் குடும்பம் இதயத்தில் செய்வதுதான் நம் பகுதிக்கு அவசரமானது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்பு ஆபத்தைக் காட்டுவதில் அப்போ-பிக்கும் அப்போ-ஏ1க்கும் உள்ள விகிதம் புகைத்தலோடு முன்னணியில் நின்றது. இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் கணக்கைத் தனியே எடுத்து 2007இல் வெளியிட்டபோது, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது இங்கே 53 என்றும் பிற நாடுகளில் ஏறத்தாழ 59 என்றும் தெரிந்தது. நடுவயதில் கூடிய எல்.டி.எல். பிற்கால மறதி நோய்க்கும் ஒரு காரணி என 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு சேர்த்தது. இதயத்தின் வழியும் மூளையின் வழியும் இங்கே சந்திக்கின்றன.

ஈ4 பரிசோதனையை இப்போது எல்லோரும் செய்துகொள்ளத் தேவையில்லை. லெகனெமாப் போன்ற புதிய அல்சைமர் மருந்து கொடுக்குமுன் அது அவசியம், ஏனெனில் இரட்டை ஈ4 உள்ளவர்களுக்கு மூளை வீக்கமும் இரத்தக்கசிவும் கூடுதலாக வரும். கறிக்குத் தேங்காயெண்ணெய் வழக்கம்போல இருக்கட்டும். அதை நம்பி பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் குளிசைகளை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டில் யாராவது தெரிந்த வழியைத் தவறவிட்டாலோ, சமைத்ததை மறந்து மறுபடி அடுப்பு மூட்டினாலோ, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு கூட்டிப்போய் அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.